நான்காம் காரணம்

இந்த அஞ்சலி அவைக்குத் தலைமை தாங்கும், முப்பத்தாறு ஆண்டுகள் கரும்பலகையோடு வாதாடி ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சாலமோன் அய்யா அவர்களே! மேடையை அணிசெய்யும் பீர்க்கன்கரணை ஏரிக்கரை குடியிருப்போர் நலச்சங்கத்தின் நிர்வாகிகளே! வானம் கறுக்கும் முன்பே கட்டிலுக்குச் செங்கல் முட்டுக்கொடுக்கக் கற்றுக்கொண்ட தாய்மார்களே! மின்விசிறிக்குக் கீழே இடம் கிடைக்காவிட்டாலும் எழுந்து போகாமல் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! படத்துக்குள்ளிருந்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும் என் நண்பன் ஜீவானந்தமே! எத்தனை பேர் அழைத்தும் முன்வரிசைக்கு வராமல், வாசலோர நாற்காலியிலேயே அமர்ந்திருக்கும் அவன் மனைவி, என் சகோதரி செல்வமேரி அவர்களே! அம்மாவின் கையை விடாமல் பிடித்திருக்கும் மகள் ஹெப்சியே! உங்கள் எல்லோர் முன்பும் தலைதாழ்த்தி வணங்குகிறேன்.

கொஞ்சம் அதிகமாகத்தான் தாழ்த்துகிறேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பின்வரிசையில் ஒரு அன்பர் "சத்தம் போதல" என்கிறார். அய்யா, சத்தமாகப் பேசவேண்டிய காலத்தில் சும்மா இருந்தவன் நான். இன்று உரக்கவே பேசுகிறேன்.

என் பெயர் சுந்தரராமன். தென்திசை நெட் என்ற இணைய நிறுவனத்தின் தாம்பரம் கிளையில் புகார்ப் பிரிவு எழுத்தராக இருந்தேன். ஜீவானந்தம் அதே கிளையில் லைன்மேன். மொட்டைமாடி மொட்டைமாடியாகக் கேபிள் இழுத்து, உங்கள் வீடுகளுக்கு இணையத்தைக் கொண்டுவந்தவன். அந்த நிறுவனம் சென்ற மாதம் மூடப்பட்டது. வாடிக்கையாளர்கள் ஏன் நம்மை விட்டுப் போகிறார்கள் என்று அது ஐந்தாண்டுக் காலம் ஆராய்ந்தது. ஆராய்ச்சி முடிவு வந்தபோது, போவதற்கு ஒருவரும் மிச்சமில்லை.

சிரிக்கலாம். ஜீவாவும் சிரித்திருப்பான்.

அவையோரே! நம் முன்னோர் நிலத்தை ஐந்தாகப் பிரித்தார்கள். மலைக்கு ஒரு மனம், காட்டுக்கு ஒரு மனம், வயலுக்கு ஒரு மனம், கடலுக்கு ஒரு மனம், வறண்ட வழிக்கு ஒரு மனம் என்று வகுத்தார்கள். பிரிந்தவள் கடற்கரையில் இரங்குவது வேறு, காட்டோரத்தில் காத்திருப்பது வேறு என்று அறிந்திருந்தார்கள். எங்கள் நிறுவனமும் நிலத்தைப் பிரித்தது. பின்கோடு எண்ணால் பிரித்தது! ஆறு இலக்கத்துக்கு மனம் உண்டா? ஆறு இலக்கத்துக்கு மழை உண்டா? ஆறு இலக்கத்துக்கு உப்புக்காற்று தெரியுமா?

ஜீவாவுக்குத் தெரியும். அவன் நிலத்தைக் காலால் படித்தவன்.

கோவளம் குப்பத்தில் துலுக்காணம் என்று ஒருவர். படகு வைத்திருப்பவர். துபாயில் இருக்கும் தம்பியின் முகத்தைப் பார்க்கவேண்டும் என்று கனெக்‌ஷன் வாங்கினார். நான்கே மாதம். மோடத்தைக் கைலியில் சுற்றி எடுத்துக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்துவிட்டார்.

"இன்னா சார், தம்பி மூஞ்சி பாதி தெரியுது, பாதி கட்டம் கட்டமா கீது. ஒயரு முனையெல்லாம் உப்பு பூத்துக்கினு கீது. இத்த வச்சிக்கினு நான் இன்னா பண்ண? பேஜாரா கீது சார், நீயே வச்சிக்கோ."

பொழிச்சலூரில் ஒரு மாடிக்காரர் பக்கத்து மாடிக்காரரோடு துணி காயப்போடும் கொடிக்காகச் சண்டை போட்டார். கோபத்தில் தன் மாடியைக் கடந்து போன எங்கள் கேபிளை அறுத்தார். அந்தக் கொடிக்குச் சம்பந்தமே இல்லாத ஏழு வீடுகளில் இணையம் அணைந்தது. ஏழு வீடுகளும் எங்களை விட்டுப் போயின. வண்டலூர் காட்டோரம் குரங்குகள் கேபிளைப் பல்லால் ஆராய்ந்தன. எங்கள் நிறுவனம் செய்த ஆராய்ச்சியைவிட அது ஆழமானது. சிறுசேரி மென்பொருள் பூங்காவைச் சுற்றி, அறைக்கு நான்கு பேராகத் தங்கியிருந்த பிள்ளைகள் மாதத்துக்கொரு வீடு மாறினார்கள். அந்த வறண்ட வழியில் கனெக்‌ஷன் போவதற்கு முன்பே ஆள் போய்விடுவான்.

ஒருநாள் மத்தியானம், தேநீர்க்கடையில், ஜீவா இதையெல்லாம் எனக்கு நான்கே வரியில் சொன்னான்.

"கோவளத்துல கனெக்‌ஷன் போனா உப்பு சார். பொழிச்சலூர்ல போனா சண்டை. வண்டலூர்ல போனா குரங்கு. சிறுசேரி பக்கம் போனா, பையன் வேற கம்பெனிக்குப் போயிட்டான்னு அர்த்தம்."

"உங்க ஏரிக்கரையில, ஜீவா?"

"ஏரிக்கரையில யாரு சார் போவா? ஏணியை எடுத்துட்டு நடந்தா போதும், வீட்டுக்கு வீடு கூப்புட்டு டீ குடுக்கிறாங்க. மூணாவது தெருவு முடியறதுக்குள்ள வயிறு ரொம்பிடும்."

அவையோரே, அந்த வார்த்தையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டீ கொடுத்தார்கள் என்றான். மறந்துவிடாதீர்கள்.

இனி எங்கள் அலுவலக வழக்கத்தைச் சொல்லவேண்டும். ஒருவர் கனெக்‌ஷன் வேண்டாம் என்று வந்தால், ஒரு தாள் கொடுப்போம். அதில் "காரணம்" என்று ஒரு வரி. அவர் தம் கையால் எழுதுவார். அந்தத் தாளைக் கோப்புக்கட்டுக்குள் போட்டுவிட்டு, நான் கணினியில் பதிவேன். கணினியில் எழுத இடம் கிடையாது. நான்கு காரணங்கள் அங்கே ஏற்கெனவே காத்திருக்கும். அவற்றில் ஒன்றைத் தொடவேண்டும். தொடாவிட்டால் கணினி நகராது.

முதல் காரணம், வீடு மாற்றம். அதைத் தொட்டால் புது முகவரி கேட்கும். இரண்டாம் காரணம், கட்டணம். அதைத் தொட்டால் மேலாளர் கடிதம் கேட்கும். மூன்றாம் காரணம், வேறு நிறுவனம். எந்த நிறுவனம் என்று கேட்கும். நான்காம் காரணம், ஊழியரின் நடத்தை. அது எதையும் கேட்காது! முகவரி வேண்டாம், கடிதம் வேண்டாம், சாட்சி வேண்டாம். ஒரு மனிதனைக் குறைசொல்ல மட்டும் உலகத்தில் எந்த ஆவணமும் தேவைப்படுவதில்லை.

நான்கு காரணங்களிலும் உப்பு இல்லை. சண்டை இல்லை. குரங்கு இல்லை. தண்ணீர் இல்லை.

பிறகு வந்தது, இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு மழை.

அந்த மழையை உங்களுக்கு நான் வருணிக்கவேண்டுமா? உங்கள் சுவர்களில் இன்னும் கோடு இருக்கிறது. ஏரி கரையைக் கடந்தது, தெருவைக் கடந்தது, வாசலைக் கடந்தது, வரவேற்பறையில் வந்து உட்கார்ந்தது. கம்பத்தில் இருந்த எங்கள் இணைப்புப் பெட்டிகள் மூழ்கின. மோடங்கள் மிதந்தன. ஜீவா இடுப்பளவு தண்ணீரில் நின்று பெட்டிகளை அவிழ்த்து, துடைத்து, பாலிதீன் சுற்றி, மறுபடி கட்டினான். மறுநாள் மறுபடி மூழ்கின. மறுபடி அவிழ்த்தான். தன் வீட்டில் தண்ணீர் புகுந்திருந்த மனிதன் அவன். செல்வமேரி அம்மா மாடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு அழைத்தபோது, "ரெண்டே பெட்டி, வந்துட்டேன்" என்றானாம்.

ஆனாலும் கேபிள் பிழைக்கவில்லை. வெயில் வந்ததும் நீங்கள் வந்தீர்கள். வரிசையாக வந்தீர்கள். ரத்தினபாய் அக்கா, அதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறார்கள், மோடத்தைச் சோற்றுப் பானையில் வைத்து எடுத்து வந்தார்கள்.

"மோடம் குளிச்சிருச்சு தம்பி. இனிமே இதுக்கு சளி புடிச்சுக்கும்" என்றார்கள். வரிசையே சிரித்தது. அக்கா, நினைவிருக்கிறதா? தலையாட்டுகிறார்கள்.

நான் கேட்டேன்: "காரணம் என்னன்னு போடட்டும்?"

"என்னப்பா கேள்வி இது? தண்ணிதான்."

கணினியில் தண்ணீர் இல்லை. அக்காவின் புடைவை முழங்கால்வரை சேறு. பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர். வீட்டைக் கழுவப் போகவேண்டியவர்கள். உண்மையான காரணம் வேண்டும் என்றால் தலைமை அலுவலகத்துக்கு எழுதவேண்டும். பதில் வரப் பதினைந்து நாள் ஆகும். எல்லோரும் மறுபடி வரவேண்டும். இந்தச் சேற்றுக்காலோடு இவர்களை இன்னொரு முறை அலையவிடுவதா என்று நினைத்தேன். இரக்கம்தான், அவையோரே! என் வாழ்நாளில் நான் அலுவலக நேரத்தில் காட்டிய இரக்கம் அது ஒன்றுதான். அந்த இரக்கத்தோடு நான்காம் காரணத்தைத் தொட்டேன். யார் படிக்கப்போகிறார்கள்? தொட்டேன். அடுத்தவர் வந்தார், தொட்டேன். அடுத்தவர், தொட்டேன். மூன்று நாளில் நாற்பத்தொரு வீடு. நாற்பத்தொரு முறை தொட்டேன்.

யார் படிக்கப்போகிறார்கள்?

வரைபடம் படித்தது.

தை மாதம் தலைமை அலுவலகத்தில் கூட்டம். மோகன்ராஜ் என்ற அதிகாரி, குளிர்சாதன அறையில், சிவப்பு ஒளிப்புள்ளி விழும் பேனாவோடு, சுவரில் தெற்குப் புறநகர் வரைபடத்தைக் காட்டினார். ஒவ்வொரு பின்கோட்டுக்கும் ஒவ்வொரு நிறம். நிறம் நிறமாக அழகாகத்தான் இருந்தது. அதில் பீர்க்கன்கரணை மட்டும் பழுத்த மிளகாய்போல் சிவந்திருந்தது.

"மற்ற ஏரியாவில் எல்லாம் காரணம் கலந்து வருது. இங்க மட்டும் நாற்பத்தொன்றும் ஒரே காரணம். ஊழியரின் நடத்தை. அந்த ஏரியா லைன்மேன் யாரு?" என்றார்.

அவர் கெட்டவர் அல்லர். வரைபடம் காட்டியதைத்தான் படித்தார். அந்த வரைபடத்தில் ஏரி நீலநிறத்தில் இருந்தது. ஆனால் ஏரி ஒரு காரணம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லவேண்டியவன் அதே அறையில், அவருக்கு எதிரே, பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அதே கூட்டத்தில் எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். ஒரு பதிவில்கூடக் காரணம் விடுபடாத கிளை எங்கள் கிளை என்பதற்காக! அந்தக் கேடயம் என் வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் இரண்டாண்டு நின்றது.

மாசியில் ஜீவாவுக்குக் கடிதம் வந்தது. வேலை போயிற்று. காரணமும் அதில் அச்சிட்டிருந்தது: நாற்பத்தொரு வீடுகளிலிருந்து நடத்தை பற்றிய புகார்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தான். கோபப்படவில்லை. கத்தவில்லை. எதிரே இருந்த நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

"நாப்பத்தோரு வீடா சார்?"

நான் கணினியைப் பார்த்தேன்.

"எல்லாரும் டீ குடுத்தாங்களே சார்."

அவையோரே, இதற்கு நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "மேலிடத்து முடிவு, ஜீவா" என்றேன். எத்தனை அருமையான சொல்! கையில்லாத சொல், காலில்லாத சொல், யாருடைய வாயிலிருந்தும் வராத சொல்!

அவன் விடவில்லை. "எந்தெந்த வீடுன்னு ஒரு லிஸ்ட் மட்டும் குடுங்க சார். வேலை வேணாம். ஒவ்வொரு வீடாப் போய் என்ன தப்பு பண்ணேன்னு கேட்டு, மன்னிப்பு கேட்டுட்டு வந்துடறேன்."

ஒரே வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "ஜீவா, அது நான் தொட்டது" என்று சொல்லியிருந்தால் போதும். என்ன ஆகியிருக்கும்? என் வேலை போயிருக்கும். நான் சொன்னேன்: "வாடிக்கையாளர் பட்டியல் ரகசியம்."

அவன் எழுந்தான். "சரி சார்" என்றான். வாசலில் நின்று, தான் போட்ட கேபிள் சுருளை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனான்.

அதன்பிறகு நடந்ததை ஒரு பாதி நீங்கள் அறிவீர்கள். மறுபாதியை அந்த வாசலோர நாற்காலி அறியும். உங்கள் பாதி என்ன? ஜீவா உங்கள் தெருவழியே வருவதை நிறுத்தினான். எதிர்ப்பட்டால், "டூட்டி மாத்திட்டாங்க அக்கா" என்று சொல்லி வேகமாக நடந்தான். செல்வமேரி அம்மா முகம்கொடுத்துப் பேசவில்லை. பக்கத்துத் தெரு ஆலயத்தை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறித் தாம்பரம் ஆலயத்துக்குப் போனார்கள். நீங்கள் என்ன பேசினீர்கள்? "சிறுசேரியில வேலை கிடைச்சதும் ஜீவா வீட்டுக்குத் தலைகனம்" என்று பேசினீர்கள். பேசவில்லை என்று யாராவது கைதூக்குங்கள் பார்ப்போம்.

ஒரு கையும் தூக்கவில்லை. நன்றி. உண்மையான அவை இது.

மறுபாதியை எனக்குச் சொன்னவள் ஹெப்சி. ஜீவா மாரடைப்பில் போன பிறகு, பதினோராம் நாள் நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். இங்கே வேலை போன பிறகு ஜீவா சிறுசேரியில் ஒரு ஒப்பந்தக்காரரிடம் கேபிள் வேலைக்குச் சேர்ந்திருந்தான். பெருங்களத்தூர் பஸ் நிறுத்தத்துக்கு உங்கள் மூன்று தெருக்களின் வழியே எட்டு நிமிடம். அவன் ஏரிக்கரையைச் சுற்றி இருபத்தைந்து நிமிடம் நடந்தான். இரண்டு ஆண்டு நடந்தான். புகார் கொடுத்தவர்கள் முகத்தைப் பார்க்கக் கோபமா என்று மகளிடம் கேட்டேன்.

"கோபம் இல்ல அங்கிள். வெட்கம்" என்றாள். "அப்பா தினமும் ஒவ்வொரு வீடா யோசிப்பாரு. ரத்தினபாய் அத்தை வீட்டு புதுச் சுவத்துல ஆணி அடிச்சேனே, அதுவான்னு கேப்பாரு. ஆறாம் நம்பர் வீட்டு மல்லிக்கொடி மேல ஏணி சாஞ்சுதே, அதுவான்னு கேப்பாரு. சாலமோன் சார் தூங்குறப்ப பெல் அடிச்சேனேம்பாரு. நாப்பத்தோரு வீட்டுக்கும் நாப்பத்தோரு தப்பு கண்டுபிடிச்சுட்டாரு அங்கிள்."

சாலமோன் அய்யா கண்ணாடியைக் கழற்றுகிறார். அய்யா, பொறுத்துக்கொள்ளுங்கள். இன்னும் கொஞ்சம்தான்.

கேளுங்கள், அவையோரே! நாற்பத்தொரு வீடும் தன்னை வெறுத்தது என்று நம்பி ஒரு மனிதன் செத்தான். ஒரு வீடு வெறுத்ததா? ஒரே ஒரு வீடு? உப்பை உப்பு என்று எழுத இடமிருந்தால் அவன் வாழ்ந்திருப்பான்! தண்ணீரைத் தண்ணீர் என்று எழுத இடமிருந்தால் அவன் உங்கள் தெருவில் நடந்திருப்பான்! இடமில்லை என்றது கணினி. இடமிருந்தது என் நாக்கில்!

நிறுவனம் மூடியபோது பழைய தாள்களைக் கட்டுக்கட்டாக எடைக்குப் போட்டார்கள். நாற்பத்தொரு தாளை மட்டும் நான் எடுத்துவந்துவிட்டேன். இதோ, இந்தப் பையில் இருக்கின்றன. நீங்கள் உங்கள் கையால் எழுதியவை. படிக்கிறேன்.

"தண்ணீர்." "தண்ணீர் புகுந்துவிட்டது." "வீட்டுக்குள் ஏரி." இது சாலமோன் அய்யா எழுத்து, முத்துப்போல: "எதிர்பாரா வெள்ளப்பெருக்கினால்." இன்னொன்று: "மழை." இன்னொன்று: "மோடம் செத்துப்போச்சு." இது ரத்தினபாய் அக்கா எழுதியது. ஒரு வரியில் அடங்காமல், தாளின் ஓரத்தில் செங்குத்தாக எழுதியிருக்கிறார்கள்: "தண்ணி. லைன்மேன் ஜீவா தம்பி பாவம், மூணு நாளா தண்ணியில நிக்குது. அதுக்கு ஒரு ரப்பர் பூட்ஸ் வாங்கிக் குடுங்க."

இந்தத் தாளையும் நான் நான்காம் காரணத்தில்தான் போட்டேன். படித்துவிட்டுத்தான் போட்டேன்.

செல்வமேரி அம்மா! நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கும் இடத்தில் நான் இல்லை. ஒரே ஒரு சாட்சியம் சொல்ல வந்தேன். இந்த ஊரில் ஒருவரும் உங்கள் கணவர்மேல் புகார் கொடுக்கவில்லை. ஒருவரும் கொடுக்கவில்லை! அவர் அடித்த ஆணியை யாரும் எண்ணவில்லை. அவர் சாய்த்த கொடி மறுபடி பூத்துவிட்டது. அவர் இரண்டு ஆண்டு சுற்றி நடந்த அந்தப் பாதை முழுவதும், தேவையில்லாத பாதை.

ஏரிக்கரைப் பெருமக்களே! இந்த நாற்பத்தொரு தாளையும் நான் கொடுத்தால் அது காகிதம். நீங்கள் கொடுத்தால் அது பதில். பெயர் படித்தால் ஒவ்வொருவராக மேடைக்கு வாருங்கள். உங்கள் தாளை வாங்கிக்கொள்ளுங்கள். நேரே அந்த வாசலோர நாற்காலிக்குப் போங்கள்.

ரத்தினபாய் அக்கா பெயர் படிக்கும்முன்பே எழுந்துவிட்டார்கள். வழிவிடுங்கள், அன்பர்களே, நாற்காலியை நகர்த்துங்கள். அக்காவுக்கு முழங்கால் வலி.

நான் முடித்துக்கொள்கிறேன். நிறுவனம் இல்லை, வரைபடம் இல்லை, கேடயத்தை நேற்று ஏரியில் போட்டுவிட்டேன், அது மிதக்கவில்லை. கணினிப் பதிவு மட்டும் எங்கோ ஒரு பெட்டிக்குள் அப்படியே இருக்கும். நாளை யாராவது அதைத் திறந்து, பீர்க்கன்கரணையில் நாற்பத்தொரு குடும்பங்கள் ஏன் போயின என்று தேடினால், நான்காம் காரணம் என்று காட்டும். அதைத் திருத்தவேண்டியதில்லை. ஊழியரின் நடத்தை என்பது சரியான காரணம்தான். ஊழியரின் பெயர்தான் தவறு.

அந்த ஊழியரின் பெயர் சுந்தரராமன்.

இதைச் சொல்ல இடம் கொடுத்த தலைவருக்கும், பொறுமையாகக் கேட்ட தாய்மார்களுக்கும், எழுந்து நடந்துகொண்டிருக்கும் நாற்பத்தொரு வீட்டாருக்கும் என் நன்றி. ஜீவா, உனக்கு வணக்கம். திரும்பிப் போகும்போது தெருவழியே போ.